பேசத் தெரிந்த மொழியைப் படிக்கக் கற்பது

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக ஊழியர்களுக்கு மொழி கற்பிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஒருவர் தமிழில் தொழில் நடத்தும் அளவுக்குத் தேற 44 வாரங்கள், அதாவது சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் வேண்டும். தமிழுக்கு நெருங்கிய மலையாளத்துக்கும் ஏறத்தாழ அவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கும். மூணாற்றில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து கொளுந்து பறிக்கும் ஒரு தமிழ்ப் பெண், ஒரு மணி நேரம்கூட வகுப்பில் உட்காராமல் இருபது வயதுக்குள் மலையாளம் பேசிவிடுகிறார். கடைக்காரரிடமும் பேருந்து நடத்துநரிடமும் ஆஸ்பத்திரி நர்ஸிடமும் அவருக்குத் தடையே இல்லை. ஆனால் வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஒரு மலையாளக் கடிதம் வந்தால், அதைப் படித்துச் சொல்லப் பள்ளிக்குப் போகும் பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

வீட்டிலிருந்தே மொழி கற்பது பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் ஒன்றுமே தெரியாதவரை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. வணக்கம் சொல்வதில் தொடங்கி, எண்கள், கிழமைகள், சந்தையில் விலை கேட்பது என்று அவை படிப்படியாக ஏறும். பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி எல்லையிலும் அப்படி ஒன்றுமே தெரியாதவர் கிடையாது. கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வீட்டுக்குப் பக்கத்து வீடு மலையாள வீடு. மறையூர்ச் சந்தையில் ஒரே பேரத்துக்குள் இரண்டு மொழியும் வந்து போகும். பாதி வழி வந்துவிட்ட இவர்களுக்கு மீதிப் பாதியைக் கற்றுத்தர நம்மிடம் நல்ல நூலும் இல்லை, தெளிவான முறையும் இல்லை. தொலைதூர மொழியைவிடப் பக்கத்து மொழியை முழுதாகக் கற்பதுதான் பல வகையில் கடினம் என்று நான் நினைக்கிறேன். அதற்கான காரணங்களை இந்த இரண்டு மாவட்டங்களே காட்டித் தருகின்றன.

இந்த எல்லைக்கு ஒரே வரலாறு கிடையாது. சித்தூர்ப் பகுதி கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில். தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில். மறையூர், காந்தளூர் முதலான அஞ்சுநாட்டுக் கிராமங்களில் தேயிலை வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ் பேசும் உழவர்கள் குடியிருந்தார்கள். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசக் குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பிறகு, காடு திருத்தவும் தேயிலை நடவும் கங்காணிகள் தென் தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தார்கள். 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை தந்தபோது தேவிகுளம் வட்டத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை. ஆனாலும் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்துக்குப் போக, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். இடுக்கி மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்.

இவர்களில் பெரும்பாலோர் மலையாளத்தைக் காதால் கற்றவர்கள். போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கமிருந்து விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற பெண்களும் அப்படித்தான். காதால் கற்பதற்கு ஒரு பெருமை உண்டு. 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாற்றில் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற அந்த எழுச்சியைக் கேரளமே தொலைக்காட்சியில் பார்த்தது. தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, தமிழ் கலந்த தங்கள் மலையாளத்திலேயே அந்தப் பெண்கள் ஒலிவாங்கிகளுக்கு முன் பேசினார்கள். இலக்கணம் பார்த்து அவர்களை யாரும் நிறுத்தவில்லை. சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. லயத்திலும் மலைச்சரிவிலும் கற்ற மொழி ஒரு மாநிலத்தையே நின்று கேட்க வைத்தது.

அந்த மொழி எழுத்துக்கு ஏன் போய்ச் சேரவில்லை? மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. புதிய மொழியைக் கற்பவர் தாய்மொழிக்கும் அந்த மொழிக்கும் நடுவே தனக்கென ஓர் இடைமொழியைக் கட்டிக்கொள்கிறார். அதற்கும் ஒழுங்கான விதிகள் உண்டு. அது நாளுக்கு நாள் வளரும். ஒரு கட்டத்தில் வளர்ச்சி நின்று அப்படியே உறைந்துவிடும். பிறகு எத்தனை ஆண்டுகள் அந்த மொழி காதில் விழுந்தாலும் அது பெரிதாக மாறுவதில்லை. உறைவதற்குச் செலிங்கர் பல காரணங்கள் சொல்கிறார். அவற்றில் ஒன்று, பேச்சு வேலை நடக்கும் அளவுக்குத் தெரிந்துவிட்டால் கற்பவர் அங்கேயே நின்றுவிடுவது. தமிழருக்கு மலையாளத்தில் அந்த அளவு மிகச் சீக்கிரம் கைக்கு வந்துவிடுகிறது. வேர்ச்சொற்கள் பெரும்பாலும் ஒன்றே. வாக்கியம் அடுக்கும் முறையும் ஒன்றே. தமிழில் வந்தேன், வந்தான், வந்தார்கள் என்று ஆளுக்கு ஆள் மாறும் வினைமுற்று, மலையாளத்தில் யார் வந்தாலும் மாறாத ஒரே வடிவமாக நிற்கும். அதனால் பாரம் இன்னும் குறைகிறது. ஜெர்மன் படிக்கும் தமிழர் முதல் ஆறு மாதம் ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுக்கி விழுவதால், ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துக் கற்கிறார். மலையாளம் பேசும் தமிழர் எங்கும் விழுவதில்லை. எதைக் கற்காமல் விட்டோம் என்று அவருக்குத் தெரியவரும் இடம் காகிதம்.

எழுத்தைக் கற்கத் தொடங்குபவருக்கு இந்த மலைகளில் ஒரு நல்ல பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. அது பேருந்தின் முகப்புப் பலகை. அடிமாலி, தொடுபுழை, பூப்பாறை, மறையூர், வாளையார், கொழிஞ்சாம்பாறை ஆகிய பெயர்களின் ஒலி நமக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த ஒலியை வைத்துத் தெரியாத எழுத்தைப் பிடிக்கலாம். 1822இல் ஷாம்போலியன் எகிப்தியச் சித்திர எழுத்தை உடைத்ததும் இதே வழியில்தான். தாலமி, கிளியோபாட்ரா என்ற அரசப் பெயர்களே அவருக்குத் திறவுகோலாயின. அடிமாலி என்ற ஒரு பலகையிலிருந்து நான்கு எழுத்துகள் வரும். தொடுபுழை ழகரத்தைத் தரும், பூப்பாறை றகரத்தைத் தரும். தமிழும் மலையாளமும் தவிர மற்ற மொழிகளில் அரிதாகிவிட்ட ழ இரண்டிலும் உயிரோடு இருப்பதால், அந்த எழுத்தைக் காணும்போது கற்பவருக்கு ஒரு நெருக்கம் ஏற்படுகிறது. உ, ண போன்றவற்றில் உறவு கண்ணுக்கே தெரியும். இப்படி இருபது ஊர்ப் பெயர்களைக் கடந்தவருக்கு மலையாள எழுத்துகளில் கணிசமானவை வசமாகிவிடும்.

பலகை தராத எழுத்துகளும் இருக்கின்றன. தமிழில் க என்ற ஓர் எழுத்து நிற்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்துகள். மலையாள இலக்கணம் அவற்றைக் கரம், அதிகரம், மிருது, கோஷம் என்று வரிசைப்படுத்தி, ஐந்தாவதாக அனுநாசிகத்தை வைக்கும். நம் வல்லினமும் மெல்லினமும் அந்த வரிசையின் முதலும் கடைசியும்தான். நடுவிலுள்ள மூன்றும் வடமொழிச் சொற்களுக்காக வந்தவை. மலையோர ஊர்ப் பெயர்களில் பெரும்பாலானவை திராவிடச் சொற்கள் என்பதால் அந்த எழுத்துகளுக்கு அங்கே வேலை மிகக் குறைவு. தேவிகுளம் போன்ற ஒன்றிரண்டு பெயர்கள் மிருது எழுத்தைக் காட்டலாம், அதற்கு மேல் இல்லை. விண்ணப்பப் படிவத்திலும் நிலப் பத்திரத்திலும் நீதிமன்ற அறிவிப்பிலும் பக்கம் முழுக்க அவைதான். பூமி என்ற சொல்லின் முதல் எழுத்தே கோஷ எழுத்து. கைவச நிலத்துக்குப் பட்டயம் வாங்க ஆண்டுக்கணக்கில் அலையும் ஓர் இடுக்கி விவசாயி, தன் வாழ்க்கையையே தீர்மானிக்கிற அந்தச் சொல்லைப் பேச்சில் ஆயிரம் முறை சொல்லியிருப்பார். எழுத்தில் அது அவருக்குப் பிடிபடாது.

மலையாள எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1971இல் தட்டச்சுக்கும் அச்சுக்கும் ஏற்றபடி எழுத்துச் சீர்திருத்தம் செய்தார்கள். மெய்யோடு ஒட்டிக்கிடந்த உகரக் குறிகளைப் பிரித்து எழுதினார்கள். கூட்டெழுத்துகள் பலவற்றை உடைத்தார்கள். ஆனால் பழைய லிபி மறையவில்லை. கையால் எழுதும் கடைப் பலகைகளிலும் சினிமாச் சுவரொட்டிகளிலும் பழைய புத்தகங்களிலும் அது தொடர்ந்தது. பள்ளியில் படிக்கும் பிள்ளை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். தானாகப் படிப்பவர் ஒரே எழுத்தை இரண்டு உருவத்தில் கண்டு குழம்புவார். அந்தக் குழப்பம் தன் குறையால் வந்ததல்ல என்று அவருக்குச் சொல்ல ஆள் வேண்டும். தனியாகப் படிப்பவர்கள் பாதியில் நின்றுபோவதற்கு இதைப் போன்ற சின்ன விஷயங்களே பெரும்பாலும் காரணம்.

சரி, நூல்கள்? பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் ‘30 நாட்களில்’ வரிசைப் புத்தகங்களைத் தமிழர் எல்லோரும் அறிவார்கள். பிழைப்புக்கு வெளியூர் போன பல தலைமுறைகளுக்கு அவை துணை நின்றிருக்கின்றன, அந்த மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் எல்லையோரத் தமிழருக்கு அந்த அமைப்பு பயன்படாது. இத்தகைய நூல்களில் மலையாள வாக்கியம், அதன் ஒலி தமிழ் எழுத்தில், அதன் பொருள் தமிழில் என்று மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தமிழ் எழுத்தில் ஒலி இருக்கும்போது கண் மலையாள வரியின் பக்கமே திரும்பாது. அந்த ஒலி வரியும் நான்கு ககரத்தையும் ஒரே எழுத்தாக்கிவிடுவதால், எது கற்க வேண்டியதோ அதுவே காணாமல் போகிறது. இவருக்கு ஒலி ஏற்கெனவே தெரியும், பொருளும் பெரும்பாலும் தெரியும். நடு வரியை எடுத்துவிட்டாலே அது வேறு நூலாகிவிடும்.

வாசிக்கக் கற்றவர் எதை வாசிப்பது என்ற கேள்வி அடுத்து வரும். இங்கே இடமலைக்குடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூணாற்றுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010இல் உருவாயிற்று. அங்கே வாழ்பவர்கள் முதுவான்கள். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. அவர்கள் பேசும் மொழிக்குத் தமிழோடும் மலையாளத்தோடும் நெருங்கிய உறவு உண்டு. அதற்கெனத் தனி எழுத்து கிடையாது. இருப்புக்கல்லுக்குடியில் ஒரு தேநீர்க் கடை நடத்திய பி.வி. சின்னத்தம்பி, அந்தக் கடைக்குள்ளேயே ஒரு நூலகமும் வைத்திருந்தார். ஆசிரியர் பி.கே. முரளீதரன் அதற்குத் துணை நின்றார். 2014இல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே நடந்து போய்ப் பார்த்து எழுதினார். 160 புத்தகங்கள், பெரும்பாலும் இலக்கியம், யார் எப்போது எதை எடுத்துப் போனார்கள் என்று ஒழுங்காக எழுதிய பதிவேடு. இரவல் போன நூல்களில் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் இருந்தது. மதுரையிலிருந்து வந்தோம் என்று சொல்கிற மக்கள், மதுரை எரிந்த கதையை மலையாள எழுத்தில் வாசித்திருக்கிறார்கள்.

வீட்டில் பேசாத மொழியில், அன்று சாலை போகாத இடத்தில், தேர்வோ சான்றிதழோ இல்லாமல் பெரியவர்கள் வாசித்தார்கள் என்றால் அங்கே எது இருந்தது என்று பார்க்க வேண்டும். தேநீர் குடிக்க வரும் இடத்திலேயே புத்தகம் இருந்தது. அது கதையாக இருந்தது. எடுத்ததைக் கேட்டு எழுதி வைக்க ஒரு மனிதர் இருந்தார். வயது வந்தவர்கள் மொழி கற்பதற்கு இவற்றைவிடப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

கதைதான் முதலில் வர வேண்டும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அகராதியோ ஆசிரியரோ இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து வாசிக்க, அதிலுள்ள சொற்களில் நூற்றுக்குச் சுமார் 98 முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று 2000இல் வெளிவந்த ஹூ, நேஷன் இருவரின் ஆய்வு கண்டது. எல்லையோரத் தமிழருக்கு அரசாணை அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. வைக்கம் முகம்மது பஷீரின் கதைகள் வரும். வீட்டுக்குள், சந்தையில், சிறைக்குள் மனிதர்கள் பேசிக்கொள்ளும் மொழி அது. தோட்டத்திலும் ஜீப்பிலும் காதில் விழுந்த மலையாளம் எழுத்தில் அங்கேதான் முதலில் அடையாளம் தெரியும். பஷீரின் நூல்கள் பலவற்றைத் தமிழுக்குத் தந்தவர் குளச்சல் மு. யூசுஃப். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், மலையாளத்தைத் தானாகவே கற்றவர். ‘திருடன் மணியன்பிள்ளை’ மொழிபெயர்ப்புக்காக 2018க்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது அவருக்குக் கிடைத்தது. ‘பாத்துமாவின் ஆடு’ நாவலின் தமிழ் வடிவத்தை முதலில் வாசித்துவிட்டு, பிறகு மலையாள மூலத்தைக் கையிலெடுக்கும் ஒருவருக்குக் கதை தெரியும், மனிதர்களைத் தெரியும், அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும். கண்ணுக்கு எழுத்து வேலை மட்டுமே மிஞ்சும். டிராய் நகரத்தைத் தோண்டிய ஹைன்ரிஷ் ஷ்லீமன் ரஷ்ய மொழியையும் கிரேக்கத்தையும் இப்படித்தான் கற்றார். தனக்கு ஏற்கெனவே தெரிந்த பிரெஞ்சுக் கதைகளின் மொழிபெயர்ப்புகளை எடுத்து உரக்கப் படித்தார். ஜெர்மானியரான ஹெர்மன் குண்டர்ட்டும் முதலில் தமிழைக் கற்று அதன் பிறகே மலையாளத்துக்குள் போனவர். 1872இல் வெளிவந்த அவருடைய மலையாள அகராதியில் பல சொற்களுக்குத் தமிழ் உறவு காட்டப்பட்டிருக்கிறது. அந்த வழி தமிழருக்குப் பிறப்பிலேயே திறந்திருக்கிறது.

எதிர்த்திசையில் நடப்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. வேலைவாய்ப்பை எண்ணிப் பிள்ளைகளை மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ சேர்க்கும் தமிழ்க் குடும்பங்களில், அடுத்த தலைமுறை தமிழ் எழுத்தை இழக்கிறது. பிள்ளை அம்மாவிடம் தமிழில் பேசும். அம்மா எழுதிய கடிதத்தைப் படிக்காது. அது பெரியவனாகித் தமிழைப் படிக்க விரும்பினால் இன்னும் செங்குத்தான ஏற்றம். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் விவரித்த இரட்டை வழக்கு தமிழில் மிக ஆழமானது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம் மலையாளத்தில் அவ்வளவு இல்லை. வீட்டில் பேசும் தமிழை மட்டும் வைத்து ஒரு தலையங்கத்தைப் படிக்க முடியாது.

ஆனாலும் அந்த ஏற்றத்தைக் கடக்க முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். சுந்தர ராமசாமி சிறுவயதில் கோட்டயத்தில் வளர்ந்தவர். பள்ளியில் அவர் படித்தவை மலையாளமும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். தமிழை எழுதப் படிக்க அவர் கற்றது ஏறத்தாழ பதினெட்டு வயதில். மலையாள நாவலாசிரியர் தகழியின் ‘தோட்டியின் மகன்’ நாவலைத் தமிழாக்கியது அவருடைய தொடக்ககால எழுத்து வேலைகளில் ஒன்று. பள்ளி தந்த மொழியிலிருந்து வீட்டு மொழிக்கு ஒரு நாவலையே சுமந்து வந்ததில் அவர் தமிழ் உரைநடையைப் பழகினார் என்று கொள்ள இடமிருக்கிறது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திய ஆ. மாதவனும் மலையாளத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவர். தமிழை அவர் சொந்த முயற்சியில் கற்று, அந்தக் கடைத்தெருவையே தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். இருவரும் எழுத்தாளர்கள், அபூர்வமானவர்கள் என்று சொல்லி இவர்களை ஒதுக்கிவிடலாம். ஆனால் தொடங்கிய இடத்தில் இவர்களிடம் இருந்தது, இன்று மூணாற்றிலோ சித்தூரிலோ மலையாள வழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளையிடம் இருப்பதற்கு மேல் ஒன்றுமில்லை. வீட்டில் பேச்சு இருந்தது, பள்ளியில் பக்கத்து மொழியின் எழுத்து இருந்தது.

சட்டங்கள் இருக்கின்றன. தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு வசதி செய்து தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. மாநில மறுசீரமைப்போடு 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதியில் அரசோடு தங்கள் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. 2017இல் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டமும் வந்தது. இவை எல்லாம் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் உரியவை. பள்ளி வயதைக் கடந்து தோட்டத்திலோ வயலிலோ கடையிலோ வேலை செய்யும் ஒருவர், மாலையில் வீட்டில் உட்கார்ந்து எதைப் படிப்பது என்பதை எந்தச் சட்டமும் சொல்லாது. கேரள எழுத்தறிவு இயக்கம் மலையாளம் அறியாதவர்களுக்கென ‘பச்ச மலையாளம்’ என்ற சான்றிதழ்ப் படிப்பையும், வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென ‘சங்ஙாதி’ திட்டத்தையும் நடத்தியிருக்கிறது. நல்ல முயற்சிகள். ஆனால் சரளமாகப் பேசத் தெரிந்து, எழுத்து மட்டும் தெரியாத தமிழரின் தேவை வேறு வகையானது.

அவருக்கென ஒரு சிறு நூலை எழுதுவது பெரிய காரியமில்லை. முதல் பாகம் ஊர்ப் பெயர்களும் பேருந்துப் பலகைகளும். பழைய லிபியும் புதிய லிபியும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டாம் பாகம் தமிழில் இல்லாத அந்த மூன்று வரிசை எழுத்துகள். அவற்றை அரிச்சுவடி முறையில் சொல்லாமல், பட்டயம், கைவசச் சான்றிதழ், ஓய்வூதியம், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றில் அவை வரும் சொற்களைக் கொண்டே சொல்ல வேண்டும். மூன்றாம் பாகத்தில் பஷீர் போன்ற ஒருவரின் கதை, தமிழ் இடப் பக்கத்திலும் மலையாளம் வலப் பக்கத்திலுமாக. ஒலிபெயர்ப்பு எங்கும் இருக்கக் கூடாது. அதே நூலைத் திருப்பிப் போட்டால், மலையாள எழுத்து தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுத்தரும் நூலாகும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. அங்கே படிப்பவர்களில் இரண்டு மொழியும் இரண்டு எழுத்தும் அறிந்தவர்கள் உண்டு. பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தின் பயனாகக் கேரளத்தில் கிராமந்தோறும் வாசகசாலை இருக்கிறது. மறையூர், குமுளி, வண்டிப்பெரியாறு, கொழிஞ்சாம்பாறை வாசகசாலைகளில் இந்த நூலுக்கும், ஒரே கதையின் இரண்டு மொழி வடிவங்களுக்கும் ஓர் அலமாரி ஒதுக்கலாம். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் வரக்கூடிய மாலை நேரத்தில் அது திறந்திருக்க வேண்டும். சின்னத்தம்பியின் கடையில் இருந்ததைப் போல ஒரு பதிவேடும் வேண்டும்.